வெளித் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டுக் குளியலறை பின்வாசலில் தனியாக இருக்கிறது. அதன் கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஒருமுறை உள்ளே சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. அதிலிருந்து, அந்தக் கதவு திறந்திருக்கக் கண்டால் தாழைப் போட வேண்டும் என்று எல்லோரையும் ஏசி ஏசிப் பழக்கியவள் நான்தான்.

அன்று மகளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும் பிள்ளை. வந்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் நான் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், துணி நனைத்துப் போடுவேன். பார்ப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

காலையில் போர்வையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அவள் கண்ணயர்ந்ததும் அதை அலசக் குளியலறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. குழாயைத் திறந்துவிட்டு மூலையில் குனிந்திருந்தேன். ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பிய வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த கைக்குட்டையை எடுக்க வந்தவர், போகிற போக்கில் கதவை இழுத்துத் தாழைப் போட்டுவிட்டார்.

கத்தினேன். பின்தெருவில் வரிசையாக விசைத்தறி. பகலில் எங்கள் வீட்டில் பக்கத்தில் நின்று பேசினாலே இரண்டு தடவை சொல்ல வேண்டும். போன் அடுப்படியில் கிடந்தது. கதவை வாளியால் இடித்தேன். அவள் மல்லாந்து படுத்திருந்தாளா, ஒருக்களித்தா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

திடீரென்று கரண்ட் போனது. தறிகள் மொத்தமாக நின்றன. அப்போது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டில் ஆடுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. அதன் பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

தாழ் நகர்ந்தது. சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"எங்கனம்மா போன? தண்ணி கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. தூக்கத்தில் வழிந்ததா, வேறா? கேட்டுப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"தாழ் போடலன்னாலும் ஏசுத, போட்டாலும் ஏசுத. வீட்டுலதான இருந்த? காட்டுலயா மாட்டிக்கிட்ட?"

தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்றேன். பாம்பு வரும் என்றார். அதுவும் உண்மைதான்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நான் உள்ளே இருப்பது தெரியட்டும் என்று, இப்போது குளிக்கப் போகும்போது கதவுக்கு முன்னால் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போகிறேன். வழியில் எதற்கு வாளி என்று அவர் முணுமுணுப்பதும், காலால் அதை ஓரமாகத் தள்ளுவதும் உள்ளே கேட்கும். உடனே குழாயை அடைத்துவிட்டு, ஈரக் கையோடு கதவைத் தட்டத் தொடங்குவேன்.