அம்சவேணி போட்ட கோல்

சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் அம்சவேணி மேசைமேல் தோல் துண்டுகளைப் பரப்பிவிடுவாள். வெட்டி எறிந்த ஓரத் துண்டுகள்தாம். நீளமானவை கோல் கம்பங்கள், பொடித் துண்டுகள் ஆட்டக்காரிகள், ஷூவில் கயிறு கோக்கிற பித்தளை வளையம் பந்து. "இது இந்தியா" என்று இந்தப் பக்கத்தைக் காட்டுவாள். சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள். "இதுவும் இந்தியா" என்று அந்தப் பக்கத்தைக் காட்டுவாள். அத்தோடு பாதிப் பேர் கை கழுவப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காக அவள் ஆட்டத்தைத் தொடங்குவாள். அன்றைக்கு எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறத்தில்தான் துண்டு கிடைக்கும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு. கொஞ்ச நேரத்தில் யார் எந்தக் கட்சி என்று அவளுக்கே தட்டுக்கெட்டுப் போகும்.

ஆம்பூரில் மெட்ராஸ் ரோட்டோரம் இருக்கிற அந்தக் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். அடிப்பாகம் எந்தச் சீமையில் ஒட்டப்படுகிறது, எவன் காலில் ஏறுகிறது என்று தைக்கிறவர்களுக்குத் தெரியாது. அம்சவேணி மிஷினில் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். குட்டை உருவம், உரல் மாதிரி உட்கார்ந்த உடம்பு, பின்னந்தலையில் இறுக்கிச் சுற்றிய கொண்டை. மழை வந்தால் "பேஜாரு", மழை நின்றால் வெயில் "பேஜாரு", தைத்த மூட்டை திரும்பி வந்தால் "செம பேஜாரு". அதற்கு மேல் அதிகம் பேச மாட்டாள். கால்பந்து விஷயம் வந்தால் மட்டும் வாய் திறக்கும். திறந்தால் மூட முடியாது.

அவள் அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்காரர். எழுபத்தைந்தாம் வருஷத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு கால்பந்துச் சங்கம் ஏற்பட்ட செய்தியை அன்னம்மாள் டீச்சர் பேப்பரில் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாலாற்று மணலில் கொண்டுபோய் நிறுத்தினார். வேகமாக ஓடுகிறவளை முன்னால் போட்டார், ஓடாதவளைப் பின்னால் போட்டார். அம்சவேணி பின்னால் போனது அப்படித்தான். அரை டிராயர் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் பாவாடையோடு ஆற்றங்கரை வரை போய், அங்கே அதைச் சுருட்டிப் புங்கமரக் கிளையில் வைத்துவிட்டு ஆடுவாள். ஆடு ஒன்று ஒருநாள் பாவாடையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனது எப்படி என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வட ஆற்காடு மாவட்ட டீமில் சேர்ந்தபோதுதான் செண்பகம் வந்தாள். அரக்கோணத்துப் பெண், அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நெட்டை. கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றால் கம்பம் குட்டையாகத் தெரியும். அவள் கோல்கீப்பர், அம்சவேணி அவளுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக். எதிராளி நெருக்கினால் பின்னாலிருந்து குரல் வரும்: "அம்சா, இங்க குடு." கூட்ஸ் வண்டி போகிற சத்தத்திலும் கேட்கிற குரல் அது. அம்சவேணி திரும்பிப் பார்க்காமல் பந்தைப் பின்னால் தள்ளிவிடுவாள். பார்த்துக் கொடு, பார்த்துக் கொடு என்று டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். இவள் பார்த்ததே இல்லை. பந்தும் வேறெங்கும் போனதில்லை. ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் ஒரே இலையில் பிரியாணி தின்பார்கள். கறித் துண்டை செண்பகம் ஒதுக்கி வைப்பாள், அம்சவேணி கேட்காமலே எடுத்துக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் இந்திய டீமுக்கு எடுத்தார்கள். கேரளத்தில் கடலோர ஊர் ஒன்றில் பல நாட்டுப் பெண்கள் வந்து ஆடுகிற போட்டி. அங்கே போய் இறங்கிய பிறகுதான் நம் நாட்டுக்கு ஒரு டீம் இல்லை, தெற்கு ஒன்று, வடக்கு ஒன்று என்று இரண்டு டீம் என்பது தெரிந்தது. நிறையப் பெண்களுக்கு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று அப்படிச் செய்ததாக ஒருவர் சொன்னார். வர வேண்டிய நாடு ஒன்று வரவில்லை, அந்த இடத்தை நிரப்பினார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ஆண்களின் சங்கம் பெண்களின் சங்கத்தையே இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஆகவே எந்த டீமும் இந்தியா டீம் இல்லை என்று மூன்றாவது ஒருவர் சொன்னார். அம்சவேணிக்கு எதுவும் பிடிபடவில்லை. சட்டையில் இந்தியா என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். எழுதியிருந்தது.

வடக்கு டீமின் கோல்கீப்பருக்கு வந்த இடத்தில் அம்மை போட்டுவிட்டது. தெற்கில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். ஒருத்தியைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், செண்பகத்தைக் கொடுத்துவிட்டார்கள். கறிவேப்பிலைக் கொத்து கேட்டால் அடுத்த வீட்டுக்காரி கிள்ளிக் கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாக அது நடந்தது. இந்தி ஒரு சொல் தெரியாத செண்பகம் வேறு சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள். அதிலும் இந்தியா என்றுதான் எழுதியிருந்தது. மறுநாள் இந்தியாவும் இந்தியாவும் மோதின.

இரண்டாவது பாதியில் தெற்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. போகவே போகாத அம்சவேணியையும் முன்னால் போகச் சொன்னார்கள். கூட்டத்தில் முட்டி மோதிய பந்து எப்படியோ அவள் காலடியில் வந்து நின்றது. வடக்கத்திப் பெண்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குரல் வந்தது.

"அம்சா, இங்க குடு."

அம்சவேணியின் கால் கொடுத்துவிட்டது. மெதுவாக, உருட்டி, செண்பகத்தின் கைக்குச் சரியாக. செண்பகமும் குனிந்து கையை நீட்டிவிட்டாள். நடுவில் நின்ற வடக்கத்திப் பெண் ஒருத்திக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் எதுவும் தெரியாது. எதிராளி அடித்த பந்து என்று காலை நீட்டினாள். பந்து அதில் பட்டுத் திரும்பிச் செண்பகத்துக்கு மறுபக்கமாகக் கோலுக்குள் போயிற்று. அந்த ஒரு கோலில் தெற்கு ஜெயித்தது. அம்சவேணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மேலே இருந்து பார்த்தபோது செண்பகம் இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

கீழே இறக்கிவிட்டதும் அம்சவேணி அவளிடம் ஓடினாள். செண்பகத்தின் முகம் வெளுத்திருந்தது. புது டீம்காரிகள் அவளைச் சுற்றி நின்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தமிழில் என்னவோ சொல்லி எதிரிக்குக் கோலைக் கொடுத்துவிட்டாள் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

"நா வாய் தவறிக் கூப்ட்டேன்" என்றாள் செண்பகம். "நீ எதுக்குக் குடுத்த?"

"நீ கூப்ட்ட. குடுத்தேன்."

திரும்பி வருகையில் இரண்டு பேரும் ஒரே ரயில் பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகம் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவில்லை. ஜோலார்பேட்டையில் இறங்கும்போது அம்சவேணி "வர்றேன்" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது.

ஆம்பூரில் மேளம் வைத்துவிட்டார்கள். கம்பெனியில் இவளுக்கு மேலே இருக்கிற சூப்பர்வைசர் முக்தார் அகமது கால்பந்துப் பைத்தியம். அவர்தான் மாலைக்கு ஏற்பாடு செய்தவர். மேடையில் பேசிய பெரியவர் ஒருவர் எதிரி நாட்டின் கோட்டையைத் தகர்த்த வீராங்கனை என்று முழங்கினார். அம்சவேணிக்கு எதிரி நாடு என்றால் அரக்கோணம்தான் நினைவுக்கு வந்தது. மாலை கழுத்தை அறுக்க, எழுந்து ஓடிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்து முக்தார் அகமது ஆசையோடு விசாரித்தார். யாரைத் தோற்கடித்தீர்கள் என்று கேட்டார். இந்தியாவை என்றாள். அப்படியானால் ஜெயித்தது யார் என்றார். இந்தியா என்றாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

இவள் போகவே இல்லை, மங்களூரில் அத்தை வீட்டில் இருந்துவிட்டு வந்து கதை அளக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அது அவளைச் சுடவில்லை. மஹ்பூபி அடுத்த மிஷின்காரி. "ரெண்டும் நம்மாளுன்னா அவ்ளோ தூரம் ரயிலேறி எதுக்குடி போனீங்க? இங்கியே ஆத்துல ஆடிக்கினு இருக்கலாமே" என்று அவள் கேட்டபோது எல்லோருடனும் சேர்ந்து அம்சவேணியும் சிரித்தாள். அவளை அரிக்கிற கேள்வி வேறு. தோல் துண்டுகளை நகர்த்தி முடித்ததும் கடைசியில் அதைத்தான் கேட்பாள்.

"நீயே சொல்லு. அது கோலா, பாஸா? தெரிஞ்சு போட்டனா, தெரியாம போட்டனா?"

பந்து உள்ளே போனால் கோல், இதில் என்ன பேஜார் என்பது முக்தார் அகமதின் கட்சி. காலை நீட்டினவள் போட்ட கோல் அது, உன் கணக்கில் வராது என்பாள் மஹ்பூபி. அம்சவேணி இரண்டு பேருக்கும் தலையாட்டுவாள். கால் தள்ளுகிற நேரத்தில் எதிரே இருக்கிற கோல் கம்பம் கண்ணில் பட்டதா இல்லையா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பாள். சில நாள் பட்டது போலிருக்கும். அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். செண்பகம் விலகிப் போன பிறகு வேறு யாரோடும் அவள் ஒட்டவே இல்லை. அந்த இடம் அப்படியே வலித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் வேலூர்க் கோட்டை மைதானத்தில் மாவட்டங்களுக்கு இடையே போட்டி நடந்தது. அன்னம்மாள் டீச்சர் பழைய பெண்களையெல்லாம் தேடிப் பிடித்தார். செண்பகத்துக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. அதை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அம்சவேணி முந்தின நாளே பஸ்ஸில் பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். போய் நின்றதும் குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டாள். செண்பகம் பேரைச் சொல்லிவிட்டுக் காலுக்குக் கட்டுச் சுற்றப் போய்விட்டாள்.

பயிற்சியில் செண்பகம் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்சவேணியை மட்டும் கூப்பிடவில்லை. கீப்பர் கூப்பிடாவிட்டால் பேக் கண்ணில்லாதவள்தான். பந்து வந்தால் அம்சவேணி வெளியே அடித்தாள். மறுபடி வந்தால் மறுபடி வெளியே அடித்தாள். ரெண்டு பேரும் இப்படி ஊமை ஆட்டம் ஆடினால் கோலை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான் என்று டீச்சர் திட்டினார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சேலத்தோடு ஆட்டம். அகழி ஓரமாகக் கூட்டம் நின்றது. முக்தார் அகமது அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இந்த முறை எதிராளி வேறு ஊர்தானே என்று வந்ததுமே ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. பின்னாலிருந்து குரல் வரவில்லை. அம்சவேணிக்கு ஆட்டத்தில் மனசு நிற்கவில்லை. காது மட்டும் முதுகில் இருந்தது.

முடிகிற நேரம். உயரமாக வந்த பந்து அவள் நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. சொந்தக் கோலுக்கு வெகு பக்கம். சேலத்துப் பெண்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். வெளியே அடிக்க வழியில்லை.

"அம்சா, இங்க குடு."

அதே குரல். கால் எழுந்தது, அந்தரத்தில் நின்றது. கூப்பிட்டது வாய் தவறியா, நிஜமாகவா? கொடுத்தால் நடுவில் எவளாவது காலை நீட்டிவிட்டால்? அன்றைக்கும் இப்படித்தானே சரியாக உருட்டினோம்? தலைக்குள் இரண்டு இந்தியாவும் ஒரு சேலமும் சேர்ந்து சுற்றின. பின்னால் செண்பகம் எங்கே நிற்கிறாள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். செண்பகம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அம்சவேணி காலைக் கீழே வைத்தாள். குனிந்து பந்தைக் கையால் எடுத்தாள்.

மைதானம் ஒரே கூச்சலாயிற்று. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். கோலுக்குப் பக்கத்தில் ஆட்டக்காரி பந்தைக் கையால் தொட்டால் பெனால்டி என்பது பாலாற்று மணலில் ஆடுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்சவேணி யாரையும் பார்க்கவில்லை. பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் செண்பகத்தின் இரண்டு கைக்குள்ளும் வைத்தாள்.

செண்பகம் அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்தாள். நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டிவிட்டு, பந்தைத் தரும்படி கையை நீட்டினார். செண்பகம் கொடுக்கவில்லை.