அந்தோனி அழாத படம்

அந்தக் கண்ணீரை நான் வரையவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்டியில் ஒரு முதியோர் இல்லம். நன்கொடை கேட்டு அவர்கள் அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்கு, அங்கே இருப்பவர்களைப் பேனாவாலும் கறுப்பு மையாலும் வரைந்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் ஆள் அந்தோனி. கம்பளையில் தையல் கடை வைத்திருந்தவர். முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு கதிரையில் வந்து அமர்ந்தார்.

“புத்தகம் கம்பளைக்கும் போகுமாம். என்கிட்ட தச்சவங்க பாப்பாங்க. மனுசனா தெரியணும் தம்பி,” என்றார்.

நிப் பிடிக்கிறவன் சுருக்கங்களை எண்ணி எண்ணி இழுத்தால் படம் கெட்டது. தோல் மடிகிற இடத்தின் நிழலுக்கு மட்டும் குறுக்குக் கோடு. மீதியை வெள்ளைத் தாள் பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் வரைந்தேன். எத்தனையோ மழைக்காலம் இறங்கிப்போன அந்த முகத்தில் கொஞ்சம் குறும்பு மிச்சமிருந்தது. அதுவும் தாளில் விழுந்தது.

இல்லத்தின் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாக இருக்கிற ஆளுக்கு யார் உதவுவார்கள் என்று கேட்டார். தாடியை முள்ளு முள்ளாகப் போட்டு, ஒரு சொட்டுக் கண்ணீரும் வைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லி, படத்தை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறேன், கன்னமெல்லாம் தாடி. கண்ணுக்குக் கீழே ஒரு துளி. வேறு யாரையோ பிடித்து என் படத்தின் மேலேயே மை போட்டிருக்கிறார்கள். இது திருட்டு. ஒரு மனிதன் மழித்துக்கொண்டு வந்த முகத்தை அவனிடமிருந்தே பிடுங்குகிற திருட்டு. அதற்குத் தருமம் என்று பெயர் வேறு.

ப்ரூஃபைக் கொண்டுபோய், செயலாளரை வைத்துக்கொண்டே அந்தோனியின் கையில் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்தார். பிறகு செயலாளரின் சாயம் பூசிய தலையைப் பார்த்தார்.

“சேர், உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசுதானே. இந்தக் கதிரையில நீங்க குந்துங்க, தம்பி வரையட்டும். கண்ணீர் உங்களுக்கு எடுப்பா இருக்கான்னு பாப்போம்.”

செயலாளர் உட்காரவில்லை. அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னார். புத்தகம் அந்தோனி இல்லாமல் கம்பளைக்குப் போனது.

எனக்கு ஆறவில்லை. அந்தோனிதான் என்னை ஆற்றினார்.

“போகாட்டி என்னா தம்பி. அழுதுகிட்டு போகலதானே.”

வரையப் பழகுகிறவர்களே, முதுமைக்குக் கோடு உண்டு. அதற்கு மேல் பரிதாபத்துக்கும் ஒரு கோடு போடச் சொல்லி யாராவது வந்தால், நிப்பைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.