போஜண்ணனின் இரண்டாம் பக்கம்

ஆடி மாதத்தில் குன்னூரில் மனிதர்களைவிடக் கதவுகள்தான் முதலில் குண்டாகும். ஒரு வாரம் மழை விடாமல் அடித்தால் மரம் ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும். அப்போது எந்தக் கதவையும் முழுசாகச் சாத்தக் கூடாது என்பது இங்கே பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐம்பத்து மூன்று வயதான எனக்கும் தெரியும். தெரிந்துதான் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கேசட் அறைக்குள் போய், கதவைத் தோளால் இடித்து இறுக்கிச் சாத்தினேன்.

காரணம் பூஞ்சை வாசனை. பழைய கேசட் டப்பாவைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, ஈரத் துணியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி? எனக்கு அது மல்லிகை. என் மனைவி ரோஸிக்கு அது தும்மல். அவள் அன்று அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தாள், மறுநாள் சாயங்காலம்தான் வருவாள். ஆள் இல்லாத வீட்டிலும் அவள் மூக்குக்கு மரியாதை கொடுத்த கணவன் நான்.

உள்ளே போன காரியம் பெரியது. எங்கள் கேசட் சேகரிப்பாளர்கள் வாட்ஸாப் குழுவில் அந்த மாதத்துக்கு ஒரு பந்தயம்: தொண்ணூறுகளில் வந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் போன ஆல்பங்களைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பெரிய இசையமைப்பாளர்களின் கேசட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் துடைத்துக் கும்பிடுகிறவன் நான். அடித்தட்டில் கிடந்த அநாதைகளை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். ஒரு சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கேசட். மூன்றாம் பாட்டில் யாரோ இருமுகிறார்கள், இருமலுக்குப் பிறகு மொத்தக் குழுவும் சுருதியில் ஒரு படி இறங்கிவிடுகிறது. சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் பையன்கள் போட்ட காதல் ஆல்பம். எல்லாப் பாட்டுக்கும் கீபோர்டில் ஒரே தாளம், காதலி சிரித்தாலும் செத்தாலும் அதே வேகம். சிரித்துக்கொண்டேதான் போட்டேன். நாலாவது பாட்டில் அந்தப் பையனின் குரல் உடைந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது வருஷம் இதை என் காலடியிலேயே வைத்துக்கொண்டு என்னத்தைச் சேகரித்தேன்?

இந்தத் தத்துவத்தை ஒரு டீயோடு தொடரலாம் என்று கதவை இழுத்தேன். கதவு வரவில்லை. கைப்பிடி வந்தது.

கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், யாரோ எனக்குப் பரிசு கொடுத்த மாதிரி. உள்பக்கம் திறக்கிற கதவு. உதைத்தால் இன்னும் இறுகும். உதைத்தேன், இறுகியது. போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது, தலைக்கு மேலே கம்பி போட்ட ஒரு வெண்டிலேட்டர் மட்டும். ரோஸி வரும்வரை ஒன்றரை நாள். தண்ணீர் இல்லை. மற்ற தேவைகளுக்குப் பாத்திரம் இல்லை. காற்று இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்ததும், இருக்கிற காற்றை மிச்சம் பிடிக்க மூச்சை அடக்கினேன். அடக்கியதில் மூச்சு முட்டியது. காற்று தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி அலறினேன். வெண்டிலேட்டர் வழியாகச் சாரலே முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

“காப்பாத்துங்க! யாராச்சும் வாங்க!”

வேலிக்கு அந்தப் பக்கம் போஜண்ணன் வீடு. வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், படுகர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தகரக் கூரை மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“நாடகமுங்களா தம்பி? அந்தப் பொம்பள ரொம்ப நல்லா அழுகுறாங்க! சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைங்க!”

பிறகு அவர் ஜன்னல் சாத்துகிற சத்தம். டேப்பை முழுச் சத்தத்தில் வைத்துக் குத்துப்பாட்டு போட்டேன். பிரயோஜனமில்லை. வருஷம் பூராவும் பாட்டு அலறுகிற வீட்டில், பாட்டு அலறினால் யார் வருவார்கள்?

அவரை வேலி தாண்டி வரவழைக்கக்கூடிய ஒரே ஒரு கேசட் அந்த அறையில் இருந்தது. எனக்குத் தெரியும், கடைசித் தட்டில், கிழிந்த பைக்குள். தூக்கிப்போட மனசு வராமல், போட்டுக் கேட்கத் தைரியமும் வராமல் முப்பது வருஷம் வைத்திருந்தது. அதை எடுக்கத்தான் யோசித்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் நான் குன்னூர் பஜாரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்கு இருந்தேன். ஆட்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொண்டுவருவார்கள், நாங்கள் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். ஒருநாள் போஜண்ணன் இருபது கேசட்டோடு வந்தார். அவரே எழுதிப் பாடிய படுக மொழிப் பாட்டுகள். ஹட்டியில், அதுதான் அவர்கள் கிராமத்தில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்ப் பதிந்து வந்திருந்தார். அட்டையில் குளிர்கண்ணாடி போட்டுத் தேயிலைக்கு நடுவே நின்றார். “வித்துக் குடுங்க தம்பி” என்றார். இரண்டு விற்றது.

அந்த டிசம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு மூடிவிட்டது. கீழேயிருந்து சரக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட்டிலிருந்து வந்த பட்டியல்கள் ஆணியில் குத்தித் தொங்கின, வெற்றுக் கேசட் ஒன்றுகூட இல்லை. பாட்டோடு விற்பனைக்கு வரும் கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கும், மேலே எதையும் பதிய விடாத பூட்டு அது. அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் பூட்டு திறந்துவிடும். போஜண்ணன் கேசட்டுகள் இருந்த அலமாரியை முதலாளி ஒரு பார்வை பார்த்தார். நான் காகிதம் கிழித்தேன். இரண்டே நாளில் பதினெட்டு போஜண்ணன்கள் மேல் சினிமாப் பாட்டு ஏறியது.

ரோடு திறந்ததும் அவர் வந்து கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “எல்லாம் வித்துப்போச்சுங்கண்ணா!” முதலாளி இருபதுக்கும் காசு எண்ணிக் கொடுத்தார்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டில் வைத்திருந்த ஒன்றையும் டேப் தின்றுவிட்டது. என்னிடம் மிஞ்சியது, யாரோ பதியக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனது. அந்த ஆள் முதல் பக்கத்துக்கு மட்டும்தான் பட்டியல் தந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் போஜண்ணன் முழுசாக இருந்தார்.

அதைப் போட்டேன். உயிர்பயம் வந்தவனுக்கு வெட்கம் எங்கே இருக்கும்?

முதல் பாட்டு பாதி போயிருக்காது. வெண்டிலேட்டருக்குக் கீழே குடையில் மழை விழுகிற சத்தம்.

“ஏனுங்க தம்பி… அது என்ர பாட்டுங்களே!”

“ஆமாங்கண்ணா! கதவு மாட்டிக்கிச்சு, உள்ள கெடக்கிறேன், கடப்பாரை எடுத்துட்டு வாங்க!”

“வர்றனுங்க, வர்றனுங்க. இந்தப் பாட்டு முடியட்டும்.”

முடிந்தது. அடுத்ததும் ஓடியது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவரும் கூடவே பாடினார். டேப்பில் முப்பது வயதுக் குரல், வெளியே அறுபது வயதுக் குரல். பாட்டு மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் சொல்கிறேன், என் கண்ணாடி அலமாரியில் இருக்கிற பெரிய மனிதர்கள் சிலர் எழுந்து இடம் கொடுக்க வேண்டிய குரல். பக்கம் முடிந்து டேப் ‘டக்’கென்று நின்றது.

“அந்த பஸ் கதை சொல்லியிருக்கிறனுங்களா?” என்றார் வெளியிலிருந்து.

நானூறு தடவை சொல்லியிருக்கிறார். “சொல்லுங்கண்ணா” என்றேன்.

“கூடலூர் பஸ்ஸுங்க. டிரைவர் சினிமாப் பாட்டாப் போட்டுட்டு வர்றான். எல்லாம் முடிஞ்சு கடைசில பாத்தா, என்ர பாட்டு! ரெண்டு நிமிசமுங்க. ஆரு பெத்த புள்ளையோ, சினிமாப் பாட்டோட என்ர பாட்டையும் சேத்துப் பதிஞ்சு வெச்சிருக்கான் பாருங்க! நடுவட்டத்துல எறங்க வேண்டியவன், கூடலூர் வரைக்கும் போயிட்டனுங்க.”

இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் என் வயிற்றுக்குள் ஒரு கதவு ஊதும். புதுப் பாட்டு நின்றுபோன இடத்துக்குப் பிறகு டேப்பில் பழைய பாட்டின் வால் அப்படியே மிச்சமிருக்கும். அந்த டிரைவர் எதையும் சேர்க்கவில்லை. நான் அழிக்காமல் விட்டது அது.

“சரிங்க, திருப்பிப் போடுங்க தம்பி. மொதல் பக்கம் மொதல் பாட்டுத்தான் நான் நல்லாப் பாடுனது. அதக் கேட்டுட்டுக் கதவத் தொறக்கறனுங்க.”

“டேப்பு கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்கண்ணா…”

“இவ்வளவு நேரம் பாடுச்சே?”

“அந்தப் பக்கம் பூஞ்சை…”

“பாடுற வரைக்கும் பாடட்டுங்க. வருசம் முப்பதாச்சு.”

ஆடியில் தினம் நாலு தடவை கரண்ட் போகும் ஊர் இது. போகட்டும் என்று மாதாவை வேண்டினேன். பல்பு இமைக்கக்கூட இல்லை. இன்னொரு பொய்யும் தயாராக நுனிநாக்கில் இருந்தது. வேறு நாளாயிருந்தால் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் டீ குடித்திருப்பேன். அன்றைக்குப் போக இடமில்லை. கேசட்டைத் திருப்பினேன்.

சினிமாப் பாட்டு வந்தது. ஒரு டூயட், பிறகு ஒரு டப்பாங்குத்து. வெளியே குடைச் சத்தம் மட்டும். நான் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏழு பாட்டு ஓடியது. அதன்பின் ‘கிரிச்’ என்று ஒரு சத்தம், ஒரு பாட்டின் நடுவிலிருந்து போஜண்ணன் எழுந்து பாடினார். இரண்டு நிமிஷம்.

“இப்பிடித்தானுங்க வந்துச்சு, பஸ்ஸுல” என்றார்.

குடை நகர்ந்து போனது. போகட்டும், ஒன்றரை நாள் என்ன, ஒரு வாரம் கிடந்தாலும் தகும் என்று கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறக்கிற சத்தம். நிலை இடுக்கில் கடப்பாரை நுனி நுழைந்தது. மூன்று நெம்பில் கதவு வந்தது.

முழுசாக நனைந்து நின்றார். கைப்பிடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எத்தனைங்க?” என்றார்.

“பதினெட்டு.”

“மிச்சம் ரெண்டு?”

“அது வித்துதுங்கண்ணா. சத்தியமா வித்துது.”

“ஆருங்க வாங்குனாங்க?”

அழகாக ஒரு ஆளை உருவாக்கி அவரிடம் கொடுத்திருக்கலாம். “ஞாபகமில்லைங்கண்ணா” என்றேன்.

தலையாட்டினார். “வித்துப்போச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கு, ஹட்டி முழுக்கக் கூப்புட்டு டீ குடுத்தனுங்க.” கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டார். கேசட்டை நீட்டினேன். “எங்கூட்ல ஏதுங்க டேப்பு?” என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

இரண்டாம் பக்கத்தைப் போனில் பதிந்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம், யார் குரல் இது என்று கேட்டார்கள். வேலியோரம் போய் அவரிடம் சொன்னேன். “அப்பிடீங்களா, சரிங்க தம்பி” என்றார். நான் வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் விற்கிறார்கள். பட்டியல் எழுதிக் கொண்டு வந்தவர்களும் இல்லை, குத்திவைத்த ஆணியும் இல்லை. அதெல்லாம் போனதற்கு நான் காரணமில்லை.

போஜண்ணன் பேச்சை நிறுத்திவிடவில்லை. மழையைப் பற்றிப் பேசுகிறார், பீன்ஸ் தோட்டத்தில் காட்டெருமை இறங்கியதைப் பற்றிப் பேசுகிறார். போன ஞாயிறு அவர் வீட்டில் விருந்தாளிகள், என்னையும் கூப்பிட்டிருந்தார். கூடலூரில் பெண் எடுத்தவர் ஒருவர், வரும் வழியைப் பற்றிப் பேச்சை எடுத்தார். பேச்சு நடுவட்டம் வரைக்கும் வந்தது, அவருடைய பஸ் கதை வழக்கமாகக் கிளம்புகிற இடம். டம்ளரைக் கையில் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

“நடுவட்டம் பக்கம் பனி ஜாஸ்திங்க” என்றார் போஜண்ணன். பஸ் வரவில்லை.