எட்டாவது துளை

தேள் எப்படி மூச்சு விடுகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோபத்தில் தெரிந்துகொண்டேன்.

நகரிப் பக்கம் எங்கள் ஊரில் தம்பியைத் தேள் கொட்டியது. எனக்குப் பத்து வயது. அதை மூச்சடைத்துத்தான் கொல்வது என்று இடுக்கியால் வாலைப் பிடித்துத் தலையைத் தண்ணீரில் முக்கினேன். சாகவில்லை. முகத்தில் விளக்கெண்ணெய் அப்பினேன். அதற்கும் அசரவில்லை. ஆத்திரத்தில் புரட்டிப்போட்டு வயிறு முழுக்கப் பூசினேன். மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. உற்றுப் பார்த்தால், வயிற்றில் பக்கத்துக்கு நான்காக எட்டுத் துளைகள். அதன் பிறகு கையில் சிக்கிய தேள்களுக்கு ஒவ்வொரு துளையாக அடைத்துப் பார்த்தேன். எனக்குக் கிறுக்கு என்று தெருவே சிரித்தது.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று பேசிக்கொண்டிருந்த வருடங்களில் திருப்பதிக் கல்லூரியில் சேர்ந்தேன். கூலிக்காரர் வீட்டிலிருந்து வந்தவள். விலங்கியல் செய்முறைத் தேர்வில் தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். மறுபடி களை பறிக்கப் போக வேண்டியதுதான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தேளின் சுவாசம் பற்றி இங்கிலீஷில் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வாயில் வரவில்லை. அவர் சித்தூர்க்காரர், தமிழ் புரியும் என்று தைரியமாகத் தமிழிலேயே சொன்னேன்.

"வயித்தால சார். எட்டு ஓட்ட இருக்குது. உள்ள ஏடு ஏடா நுரையீரல். ஏழு ஓட்டய அடச்சாலும் சாவாது."

ஏழு கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆய்வுக்கூட ஜாடியிலிருந்து உயிருள்ள தேளை இடுக்கியால் எடுத்து, ஏழு துளைகளில் வாஸ்லினை அழுத்திப் பூசி, திரும்ப ஜாடியில் போட்டு அவர் மேசையிலேயே வைத்தேன். தேர்வு மறுநாளும் இருந்ததால், மார்க் போடாமல் என் பெயருக்கு எதிரே காலியாக விட்டார்.

மறுநாள் காலையில் அவர் பென்சிலால் தொட்டதும் தேள் கொடுக்கைத் தூக்கியது. அவர் சிரிக்கவில்லை. எட்டாவதையும் அடைத்துக் காட்டச் சொன்னார்.

"அது செத்துப்பூடும் சார். அத நான் பத்து வயசுலயே பாத்துட்டேன்," என்றேன். மார்க் போனாலும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். அந்த வருடம் செய்முறையில் முதல் மார்க் என்னுடையது.

தேளின் வயிற்றைப் பஞ்சால் துடைத்து, மலையடிவாரப் பாறைகளுக்கு நடுவே விட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு போனது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் விடுதிக்கு நடந்தேன்.