இரண்டாம் வரிசை, ஏழாம் நாற்காலி

எண்பதாயிரம் பேர் ஒரு பந்தின் பின்னே கண்களை ஓடவிட்டிருக்கும் வேளையில், அந்தப் பந்துக்கு முதுகைக் காட்டி நிற்பதே அவளுடைய உத்தியோகம்.

கால்பந்து மைதானத்தின் ஆறாம் தளத்தில் குளிரூட்டிய கண்ணாடி அறை ஒன்று இருந்தது. வால்வும் குழாயும் செய்யும் நிறுவனம் ஒன்று அதைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு வைத்திருந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு நாற்காலி. பெரிய ஆட்டம் நடக்கும் நாள்களில் விற்பவரும் வாங்குபவரும் அங்கே அடுத்தடுத்து அமர்த்தப்படுவார்கள். அவர்கள் முகம் மைதானத்தை நோக்கியிருக்கும். கண்ணாடியோரத் தூணருகே நிற்கும் அவள் முகம் அவர்களை நோக்கியிருக்கும். பதினான்கு ஆண்டுகளில் ஒரு கோலையும் அவள் கண்ணால் கண்டதில்லை. கருவறை வாயிலில் நிற்கும் காவற்சிலைகள் தொழ வருவோரை அறியுமேயன்றி உள்ளே இருப்பவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவளும் அவ்வாறே. ஆரவாரம் எழுந்தால் கோல் என்பதும், எழுந்து பாதியில் அவிந்தால் பந்து கம்பத்தில் பட்டது என்பதும் அவளுக்குச் செவிவழி அறிவு.

அங்கே பணிபுரிவோர் அவளை அட்டை அக்கா என்றார்கள். ஒவ்வொரு விருந்தினருக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை எழுதுவாள். முதல் வரியில் பெயரும் பதவியும். அடுத்தவற்றில், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பது. ‘மூத்த மகள் மருத்துவம் சேர்ந்திருக்கிறாள், கேட்கவும். இடது முழங்காலில் அறுவை, கேட்கவும். மனைவியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.’ நிறுவனத்தின் பெரியவர்கள் தரைத்தளத்தில் மின்தூக்கி ஏறும்போது அட்டையைப் பிரித்து, ஆறாம் தளம் வருவதற்குள் படித்து, சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, கதவு திறந்ததும் இரு கைகளையும் விரித்தபடி வெளியே வருவார்கள். ‘அடடே, முழங்கால் எப்படி இருக்கு?’ கேட்கப்பட்டவர் உருகிப்போவார். இடைவேளைப் பதினைந்து நிமிடத்துக்குள், ஆறு மாதக் கடிதப் போக்குவரத்தில் முடியாதது முடிந்துவிடும்.

“எனக்கும் ஒரு அட்டை போட்டிருப்பீங்களே, அதுல என்ன எழுதியிருக்கு?” என்று பரிமாறும் பிரிவின் தலைவி ஒருமுறை வம்பிழுத்தாள்.

“வாய் நீளம். எதையும் கேக்க வேண்டாம். கேட்டா நிறுத்த மாட்டா.”

“உங்களுக்கு யாருக்கா போடுவாங்க?”

“எனக்கு எதுக்குடி? என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே” என்று அவளும் சிரித்தாள்.

தெரியும்தான், நிற்கும் இடம் தெரியும். மற்றபடி, அவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது அலுவலகத்திலிருந்து வந்த ஒரே அழைப்பு, அட்டைப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டது. இரண்டு அறை கொண்ட வீட்டில் அவளோடு பேசியது குளிர்சாதனப் பெட்டியின் முனகல் ஒன்றே. உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு தம்பி. கடல் கடந்து போனவன். முதலில் வாரம் ஒருமுறை பேசினான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பிறந்தநாளுக்கு மட்டும். முந்நூறு பேருடைய முழங்கால்களும் மகள்களும் மனத்தில் குடியிருக்க, அவள் தனியே உண்டு, தனியே தட்டைக் கழுவி வைத்தாள்.

இவ்வாழ்வில் ஒரு விலக்கு உண்டு. சிமெண்ட் ஆலை ஒன்றின் கொள்முதல் தலைவர், பருத்த உடலும் மெல்லிய குரலும் உடையவர், பதினோர் ஆண்டுகளாக அந்த அறைக்கு வருபவர். உள்ளே நுழைந்ததும் எல்லாரையும் கடந்து தூணருகே வந்து நிற்பார்.

“என்னம்மா, தம்பி எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்யா.”

அவ்வளவுதான். அவர் தலையசைத்துவிட்டுப் போய் இரண்டாம் வரிசை ஏழாம் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். ஆண்டுக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ வரும் அந்த ஒரு கேள்விக்காக, ஆட்டநாளன்று காலையிலேயே அவள் மனம் நன்றாகத் துடைத்த விளக்கைப்போல் இருக்கும். தனக்கும் ஒரு தம்பி உண்டென்பதை நினைவில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணம், பாலையில் நடப்பவனுக்குத் தொலைவில் தெரியும் ஒற்றை மரம்.

பத்து மாதங்களுக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். அந்த அறையின் விதி ஒன்றே: நாற்காலி பதவிக்கு, ஆளுக்கன்று. பதவி போனவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பது அவள் கையாலேயே நடக்கும். நாற்பது பெயருக்குக் குறையாமல் அடித்திருக்கிறாள். இறுதி ஆட்டத்துக்கான பட்டியலில் இவர் பெயரில் மட்டும் பேனா நின்றது. அவருக்குப் பின் வந்த புதிய கொள்முதல் தலைவரை முதல் வரிசையில் எழுதினாள். இரண்டாம் வரிசை ஏழாம் நாற்காலிக்கு நேரே, பழையவரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘ஆலோசகர்’ என்று எழுதி, அழைப்பிதழும் அனுப்பிவிட்டாள். வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது.

இறுதி ஆட்டத்தன்று பகல், ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் இருக்கையில், அந்தப் பொய் வெளிப்பட்டது. புதிய கொள்முதல் தலைவர் முன்னறிவிப்பின்றித் தம் ஆலையின் நிதி அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இருபத்து நான்கு நாற்காலிக்கு இருபத்தைந்து பேர். மேலாளர் பட்டியலோடு தூணருகே வந்தார். அவளினும் பதினைந்து வயது இளையவர். அவளோடு மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்.

“அக்கா, இது யாரு ஆலோசகர்? யாருக்கு ஆலோசகர்?”

அவள் கையிலிருந்த அட்டைகளை நேராக அடுக்கினாள்.

“அவர் ரிட்டயர் ஆகிப் பத்து மாசம் ஆச்சாம். இப்பதான் புதுசா வந்தவரு சொல்றார். நீங்களா இப்படி? உங்க லிஸ்ட்ல நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடுவேனே.”

“பதினோரு வருஷமா வர்றவருங்க சார்.”

“சரி, அதுக்கு? இன்னைக்கு எந்த ஆர்டர்ல கையெழுத்து போடப்போறாரு? கீழயே நிறுத்தி, டிக்கெட் குளறுபடின்னு பக்குவமா சொல்லி அனுப்பிடுங்க. உங்களுக்குத் தெரியாததா.”

மின்தூக்கியில் இறங்கும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தூணுக்குப் பின்னே ஓர் உயர ஸ்டூல் இருந்தது. கால் கடுத்தால் அவள் அமர்வது. அதைச் சற்றே திருப்பிப் போட்டால் மைதானத்தில் முக்கால் பங்கு தெரியும். யார் கண்ணிலும் படாமல் அவரை அழைத்துச் சென்று அதில் அமர்த்திவிடலாம். வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கட்டும்.

விருந்தினர் வாயிலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். முன்போல் வாகனமும் ஓட்டுநரும் இல்லை. பேருந்தில் வந்திருக்க வேண்டும், சட்டை முதுகில் நனைந்திருந்தது. உடல் பாதியாய் இளைத்திருந்தது. அவள் வருவதை அவர் இன்னும் காணவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையில் எதையோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவள் அருகே வந்த பிறகே நிமிர்ந்தார், முகம் மலர்ந்தது.

“என்னம்மா, தம்பி எப்படி இருக்கான்?”

கையிலிருந்ததை அவர் மறைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ஓர் அட்டை. ‘தூணருகே நிற்கும் அம்மா. ஒரே தம்பி, வெளிநாடு. கேட்கவும்.’

பதினோர் ஆண்டும் அவர் மின்தூக்கியில் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். தன் தொழிலே தன்மேல் நிகழ்த்தப்பட்டிருப்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். அவரும் அவள் பார்வையைக் கண்டுகொண்டார்.

“எனக்குப் பேரும் நிக்காது, முகமும் நிக்காதும்மா. எழுதி வச்சாத்தான் உண்டு. அந்தக் காலத்துலயே அப்படித்தான்” என்றார், திருடி அகப்பட்டவரைப்போல. “தம்பி நல்லா இருக்கான்ல?”

எப்போதும் சொல்லும் விடை நாக்கில் தயாராகவே இருந்தது. அது வெளிவரவில்லை.

“தெரியலைங்கய்யா. பேசி ஏழு மாசம் ஆச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான்.”

அவர் கையிலிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தார். அதில் இதற்கு அடுத்த வரி இல்லை. உள்ளே, மைதானத்தில் அணிகள் இறங்கியிருக்க வேண்டும். பெருமழைபோல் ஓர் ஒலி சுவரைத் தாண்டி வந்தது. அவர் சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். அட்டையைக் கதவின்மேல் வைத்து, கோணல் எழுத்தில் எதையோ எழுதலானார்.

“என்னங்கய்யா எழுதறீங்க?”

“ஏழு மாசம்னு. அடுத்த தடவை வர்றப்போ, பேசினானான்னு கேக்கணும்ல.”

அதைக் கேட்டதும் அவள் நெஞ்சில் இறுகியிருந்தது நெகிழ்ந்தது. அட்டையில் எழுதிக் கேட்டாலென்ன, எழுதாமல் கேட்டாலென்ன? கேட்டவர் இவர் ஒருவரே. “ஐயா, மேல என் ஸ்டூல் ஒண்ணு இருக்கு” என்று சொல்ல வாயெடுத்தாள்.

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி அவளை முந்திக்கொண்டது.

“அக்கா, அந்த ரிட்டயர்டு ஆளு போயாச்சா? நிதி ஆபீசர் நின்னுக்கிட்டே இருக்காரு.”

குரல் வாயிலெங்கும் எதிரொலித்தது. அவள் கை அதை அமுக்குவதற்குள் எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. பெரியவர் பேனாவை மூடினார். எத்தனையோ விற்பனையாளர்களைத் தம் அலுவலக வாயிலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர். இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

“போயாச்சுன்னு சொல்லும்மா” என்றார்.

“இல்லைங்கய்யா, நான் கூட்டிட்டுப் போக...”

“வேணாம். உன் வேலைக்கு வம்பு.” அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஆட்டத்துக்கு ஓடிவரும் கூட்டத்தின் எதிரே அவர் தலை சிறிது நேரம் தெரிந்தது. பிறகு எது அவர் தலை என்று சொல்ல முடியவில்லை. அவருடைய தொலைபேசி எண் பட்டியலில் இருந்ததில்லை. அழைப்பிதழ் எப்போதும் ஆலை முகவரிக்கே போகும், அங்கிருந்து யாரோ அவருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். இனி அதுவும் இல்லை.

அவள் மேலே வந்தபோது இரண்டாம் வரிசை ஏழாம் நாற்காலியில் நிதி அதிகாரி கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். மேலாளர் நிம்மதியோடு தூணருகே வந்தார்.

“நல்லபடியா அனுப்பிட்டீங்க, தேங்க்ஸ்க்கா. ஏதாவது கோபமா சொன்னாரா?”

“இல்லைங்க சார். என் தம்பியை விசாரிச்சாரு.”

மேலாளர் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“உங்களுக்குத் தம்பி இருக்கானா?”

“இருக்கான்” என்றாள் அவள்.

“ஓ” என்றார் அவர். “அந்த நிதி ஆபீசருக்கு அட்டை இல்லையே. இடைவேளைக்குள்ள ஏதாவது விசாரிச்சு எழுதிடுங்கக்கா.”

அவள் ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாம் வரிசையை நோக்கி நடந்தாள்.