செத்த வீட்டுக்கு ஜப்பான் சோறு

நான் வேலை செய்யும் ஜப்பானிய உணவகத்தில் ஜப்பானியர் ஒரேயொருவர்தான்: எங்கள் ஷெஃப் அம்மா. மற்ற எல்லோரும் இலங்கைத் தமிழர் நாங்கள். சுஷி உருட்டுவது புங்குடுதீவு, மீன் வெட்டுவது மன்னார், காய்கறி அரிவது வன்னி, அதாவது நான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரி என்னைப் பார்த்துக் குனிந்து, ஜப்பான் பாஷையில் நன்றி சொல்வாள். நானும் குனிவேன். யாருக்கோ சொன்ன நன்றி வீணாகப் போகக்கூடாது அல்லவா?

எதையும் கண்டவுடன் பழகிவிட வேண்டும் எனக்கு. ஜப்பானியர் வீட்டில் இரவுச் சாப்பாட்டை ஒரே ரைஸ் குக்கரில் முடித்துவிடுவதைப் பார்த்ததும் நானும் ஒரு குக்கர் வாங்கினேன். குறுஅரிசி, சோயா, காளான், கரட், மேலே மூடி, அவ்வளவுதான். 'தகிகொமி' என்பார்கள். பரிஸின் லா ஷப்பலில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில், நகைக்கடைக்கு மேலே ஐந்தாம் மாடியில் எங்களுடையது ஓர் அறை மட்டுமே. காஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே குக்கரே எங்கள் குசினி.

'எங்கள்' என்பது நானும் தவம் அண்ணையும். அண்ணை கிளிநொச்சி. ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்கிறார். சென்ற வாரம் அவருடைய அம்மா ஊரில் இறந்துவிட்டார். அகதி அட்டை வைத்திருப்பவர் எத்தனையோ நாடுகளுக்குப் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தோம். எங்களில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். அண்ணைதான் கடைசி. அவருடைய அக்காவின் மகன் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்தபோது, பரிஸ் அறைக்குள் நின்ற அண்ணையின் இடது தோள் மெல்லத் தாழ்ந்ததைக் கண்டேன்.

அதன்பிறகு அவர் சாப்பிடவில்லை. வெறுந்தேத்தண்ணி மட்டும்.

"கீழ கடையிலை மரக்கறிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாறன் அண்ணை."

"காசு குடுத்து வாங்கிறது செத்த வீட்டுக்குச் சரிவராது தம்பி."

"அப்ப குக்கரிலை நான் வைக்கிறன்."

"செத்த வீட்டிலை அடுப்பு மூட்டுறதே?"

"இது அடுப்போ? கறண்ட் அண்ணை. நெருப்பே இல்லை."

"படிச்ச பெடியன், கதைப்பாய். சோறு அவியுதெல்லோ? அவிஞ்சா அடுப்புத்தான்."

"என்னை அயல் எண்டு நினையுங்கோவன்."

"என்ரை தலைமாட்டிலை படுக்கிறனி, நீ எப்பிடியடா அயல்?"

சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை செத்த வீட்டில் உலை ஏறாது. அயலட்டை முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவரும். வைத்துவிட்டுப் போகவும் மாட்டார்கள். "ஒரு வாய் எண்டாலும்" என்று பக்கத்தில் இருந்து, தின்னப்பண்ணிவிட்டுத்தான் எழும்புவார்கள். போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே கிடந்த காலத்திலும் இது நிற்கவில்லை. ஒருவருக்கும் வீடு இல்லை. ஆனாலும் அடுத்த தறப்பாளிலிருந்து கஞ்சி வந்தது. இங்கே சுவர்கள் நல்ல தடிப்பு. அயல்தான் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போக எழும்பிய அண்ணை தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருந்தார். அன்று மத்தியானம் ஷெஃப் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாகப் போடும் மீன்தூளை, மாசிக்கருவாடு மாதிரியே மணக்கும் அதை, அவர் அப்பால் தள்ளிவைத்தார். "எங்களுக்கும் துக்க நாட்களில் மீன் இல்லை" என்று, காய்ந்த கடற்பாசித் துண்டையும் காளானையும் கையில் தந்தார். மாலை குக்கரைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மாடி இறங்கினேன். மதாம் கொலெத்தின் கதவு. படியில் கண்டால் 'போன்ஜூர்' சொல்வோம். அதற்கு மேல் பழக்கமில்லை.

"மதாம், உங்கள் வீட்டில் சமைக்கலாமா?"

"மேலே மின்சாரம் இல்லையா?"

"இருக்கிறது."

"அப்போது குக்கர் பழுதா?"

"இல்லை, நல்ல குக்கர்."

பைத்தியமோ என்று பார்த்தார். நண்பரின் தாய் இறந்துவிட்டார், செத்த வீட்டில் சமைக்கக்கூடாது என்றேன்.

"பாவம்! மேலேயா இறந்தார்?"

"இல்லை, இலங்கையில்."

"அப்படியென்றால் இது அவருடைய வீடு இல்லையே."

அவர் சொன்னது சரிதான். அதுதான் சுட்டது. "மகன் எங்கே இருக்கிறானோ அதுவும் அவருடைய வீடுதான்" என்று உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் கதவை அகலத் திறந்தார்.

அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஊறவிட்டு, காளான் ஊறிய தண்ணீரையே ஊற்றி, சோயாவும் கடற்பாசியும் போட்டேன். மேலே காளானும் கரட்டும். கிளறக்கூடாது. நம்முடைய கைக்கு அதுதான் கஷ்டம். அகப்பையைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆவி பறந்ததும் மதாம் வந்து மணந்து பார்த்தார். "நீங்களே கொண்டுவர வேண்டும்" என்றேன். "அவருக்கு நான் என்ன சொல்வது?" "ஒன்றும் வேண்டாம். அவர் சாப்பிடும்வரை எழும்பாதீர்கள்." ஏப்ரனைக் கழற்றிவிட்டு, கறுப்பு நிறச் சுவெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு படியேறினார்.

அவரைக் கண்டதும் அண்ணை எழுந்து நின்றார். மதாம் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"இது உன்ரை குக்கரெல்லோ?"

"ஓம். ஆனா அவிஞ்சது மதாம் வீட்டிலை."

"மச்சம்? மீன்கீன் போட்டதோ?"

"இல்லை அண்ணை."

கை கழுவிவந்து ஒரு வாய் வைத்தார். "என்னடா, உறைப்பே இல்லை" என்றார். மூன்றாவது வாயில் அழத் தொடங்கினார். அழுதபடியே தின்றார். போகட்டுமா என்று மதாம் என்னைக் கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் இருந்தார், கோப்பை வெறுமையாகும்வரை.

எட்டு முடியும்வரை குக்கர் மதாமின் குசினியில்தான். அவருடைய முழங்கால் ஒவ்வொரு நாளும் படியேற விடாது. ஆகவே, என் பானையில் இன்னொருவர் வீட்டில் சோறு வைத்து, அயலாளாக நானே தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். ஐந்தாம் மாடியில், அறைப் பூட்டின் திறப்பு என் சட்டைப்பையில் கிடக்கிறது. நான் வெளியே நின்று கதவைத் தட்டுகிறேன்.