பங்களாவில் நான் விளக்கு வைத்த இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்கவும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும்.

மலேசியாவில், கெடா மாநிலத்து மெர்போக் பக்கம், எங்கள் தோட்டத்து மேட்டில் இருக்கும் பங்களாவைப் பிரெஞ்சுக்காரத் துரை ஒருவர் கட்டினார். தன் ஊரில் அப்பா வீடு எப்படியோ அப்படியே வேண்டும் என்றாராம். அதனால்தான் கூரை அவ்வளவு செங்குத்து. அங்கே பனி சறுக்கி விழ வேண்டுமாம். இங்கே மழைதான் சறுக்கியது. முழ அகலச் சுவர், பலகைக் கதவு போட்ட நீள ஜன்னல்கள், மூலையில் ஓர் உருண்டைக் கோபுரம், அதற்குள் சுற்றிச் சுற்றி ஏறும் படி. கூடத்துச் சுவரில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கல் மாடம்.

நான் கூட்டித் துடைக்கப் போனபோது கடைசித் துரை இருந்தார். அவர் மனைவி அந்த மாடத்தில் பூச்சாடியும் மெழுகுவத்தியும் வைப்பார். அது அவர்கள் சாமி இடம் என்று நினைத்து நாங்கள் குறுக்கே கூட நடக்க மாட்டோம். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, பங்களாவைப் பார்த்துக்கொள்ள என்னையும் என் வீட்டுக்காரரையும் வைத்தார்கள். சாமி இடத்தை இருட்டாக விடக்கூடாதென்று மாரியம்மன் படம் வைத்து விளக்கேற்றினேன். புகை அப்படியே மேலே போய்விடும், கரி பிடிக்காது. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் வந்து கும்பிடுவார்கள். கூலிம் பேக்டரிக்குப் போன பெண்கள் முதல் சம்பளத்தில் எண்ணெய் வாங்கி வருவார்கள். என் வீட்டுக்காரர் போன பின் எனக்குத் துணை அந்த விளக்குதான்.

இப்போது பங்களாவை வாங்கியவர் ஹோட்டல் ஆக்குகிறார். அளவெடுக்க வந்த பெண் மாடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஆண்டி, இது சாமி மாடம் இல்ல லா. வெறகு எரிச்சுக் குளிர் காயுற அடுப்பு."

"கெடாவுல யாரும்மா குளிர் காஞ்சா?"

"அதான் எனக்கும் தெரியல. அவங்க ஊரு வீட்ட அப்படியே காப்பி அடிச்சிட்டாங்க போல."

"அப்ப படத்த எடுத்துடணுமா?"

அவள் சிரிப்பு நின்றது. "மொதலாளி எடுக்கத்தான் சொல்றாரு. ஆனா இத்தன வருசம் ஜனங்க கும்பிட்டதும் இந்த வீட்டு கததானே ஆண்டி. எழுதிக் குடுங்க, பிளானோட வச்சுக் கேட்டுப் பாக்குறேன்."

அதற்காகத்தான் எழுதுகிறேன். பிளானில் அடுப்பு என்றே போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. விளக்கு அங்கேயே எரிந்தால் போதும். கோபுரம் முதலிலேயே கட்டியதா, பிறகு சேர்த்ததா, கட்டிய துரையும் கடைசித் துரையும் ஒரே குடும்பமா என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒன்று தப்பாக இருந்தாலும் மொத்தமும் பொய் என்று முதலாளி நினைத்துவிடுவார். இது அவரிடம் போவதற்குள் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துக் கொடுங்கள்.